எதிர்முனையில் நிற்பவள்

வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் முதல் சட்டம், கம்பைப் பிடித்துக்கொண்டு குளத்தின் விளிம்பில் நிற்கிறவள் பேசக் கூடாது, கத்தக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, பார்வையில்லாதவர்கள் நீந்தும் போட்டியில் கரையிலிருந்து ஒரு சொல் விழுந்தாலும் வழிகாட்டியதாக எடுத்துக்கொண்டு ஆளை வெளியே அனுப்பிவிடுவார்கள். நான் பேசவில்லை. பேசக் கூடாது என்று சொன்ன இடத்தில்தான் எனக்கு இவ்வளவு பேச்சு வருகிறது. ஐம்பது மீட்டருக்கு அப்பால், குதிக்கிற மேடைக்குப் பின்னால், என் தம்பி முத்துவேல் ரப்பர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறான். அவன் பெண்டாட்டி அபிநயா அவன் கண்ணில் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிடுகிறாள், மாட்டிவிட்டுப் பட்டையை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறாள், பிறகு கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து அவன் பிடரியைத் துடைக்கிறாள். இன்னும் சற்று நேரத்தில் தண்ணீருக்குள் குதிக்கப் போகிறவனுக்குப் பிடரியைத் துடைப்பது எதற்கு. யார் பார்க்கத் துடைக்கிறாள். நான் பார்க்கத்தான், வேறு யாருக்கு இந்தத் தூரத்திலிருந்து அது தெரியும். கண்ணாடி முழுக்கக் கறுப்புச் சாயம், கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறவனுக்கும் துளிகூடத் தெரியாதவனுக்கும் ஒரே இருட்டாக இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் மாட்டுவது. முதல் தடவை மாட்டியபோது பையன் சிரித்தான், "இருட்டுக்கு மேல இருட்டு அடிக்கிறாங்கக்கா, ரெண்டாவது கோட்டிங்" என்று. அதை என்னிடம்தான் சொன்னான். அன்றைக்கு மாட்டிவிட்டது நான்.

விசில் ஊதிவிட்டார்கள், மாடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் அத்தனை பேரும் சத்தத்தை விழுங்கிக்கொண்டுவிட்டார்கள், பெங்களூர்க் குளிர் கால் விரலில் ஏறுகிறது, கையில் நீளக் கம்பு, அதன் நுனியில் துணி சுற்றிய பஞ்சு உருண்டை. சுவர் எங்கே வருகிறது என்று தெரியாமல் முழு வேகத்தில் வருகிறவனின் தலையில் இதனால் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், தட்டு விழுந்தால் இன்னும் ஒரு கை போட்டுத் தண்ணீருக்குள் குட்டிக்கரணம் அடித்துச் சுவரை உதைத்துத் திரும்புவான், இவ்வளவுதான் என் வேலை, டேப்பர் என்று சட்டையில் எழுதிக்கூட ஒட்டியிருக்கிறார்கள். ஒரு முனைக்கு ஒரு ஆள். குதிக்கிற முனையில்தான் ஓட்டம் முடியும், கடைசித் தட்டு அங்கேதான், பலகையில் நேரம் விழும்போது அவன் கை பிடித்திருப்பது அந்த முனையின் சுவரை, அவன் முதலில் கேட்கிற மூச்சு அந்த முனையில் நிற்கிறவளுடையது. இத்தனை வருஷமாக அந்த முனை என்னுடையது. எதிர்முனையில் அன்றன்று யார் கிடைக்கிறார்களோ அவர்கள், கோச் ஸ்டீபன் சாரோ வேறு பயிற்சிப் பையன்களோ. இப்போது எதிர்முனை எனக்கு. நானூறு மீட்டர், எட்டு நீளம், நான்கு தடவை என்னிடம் வருவான், நான்கு தடவை அவளிடம் போவான், போய் முடிந்துவிடுவான். பீப் அடித்தது. குதித்துவிட்டான். இந்த ஓட்டத்தைத் தகுதி நேரத்துக்குள் முடித்தால் இரண்டாவது பாராலிம்பிக். முடிக்காவிட்டால் வயது அவனுக்காக இன்னொரு நான்கு வருஷம் காத்துக்கொண்டிருக்காது. போகிறவனோடு வீட்டு ஆள் ஒருவர்தான் போகலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள், அந்த ஒருவர் யார் என்று எங்கள் வீட்டில் இதுவரை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, முடிகிற முனையில் நிற்கிறவர்தான் என்பது ரசம் கொதிக்கிற வாசனை போல வீடு முழுக்க இருக்கிறது.

வருகிறான், வலது கை பாதையைப் பிரிக்கிற மிதவைக் கயிற்றை உரசிக்கொண்டு வருகிறது, கயிறுதான் அவனுக்குத் திசை, அதனால் விரல் முட்டியெல்லாம் எப்போதும் தோல் உரிந்திருக்கும், நான் தேங்காய் எண்ணெய் தடவுவேன், இப்போது அவள் ஏதோ வெள்ளைக் களிம்பு தடவுகிறாள், எண்ணெய் தடவினால் புண் ஆறாது மதினி என்கிறாள், பத்து வருஷம் ஆறியதே. தலைக்கு மேலே கட்டிய கொடித் தோரணத்தைத் தாண்டிவிட்டான், அடியிலுள்ள கறுப்புக் கோடு முடிகிற இடம், கம்பை நீட்டு, தட்டு. விழுந்தது. திரும்பிவிட்டான். தட்டு விழுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே உடம்பு சுருண்ட மாதிரி இருந்தது, அலையாக இருக்கும். போகிறான், பாதம் இரண்டும் என்னைப் பார்த்து அடித்துக்கொண்டு போகிறது. இந்தப் பாதம் மாநகராட்சிக் குளத்துப் படியில் முதல் தடவை இறங்கியபோது என் புடவையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கியது. எட்டு வயதில் மங்க ஆரம்பித்துப் பத்து வயதில் முழுக்க மூடிப்போன கண்ணோடு அவன் வீட்டுக்குள் சுவர் சுவராக இடித்துக்கொண்டிருந்தான், தண்ணீரில் சுவர் இல்லையே என்று பள்ளிக்கூட வாத்தியார்தான் அனுப்பினார். குளத்து வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. "பையன் முங்கிட்டா யாரும்மா பதில் சொல்றது, நீ நீஞ்சுவியா?" எனக்கு நீச்சல் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ராத்திரி ஷிப்டில் பன் கம்பெனியில் பொட்டலம் கட்டிவிட்டு விடிந்ததும் நேரே குளத்துக்குப் போவேன், உடைந்த பன்னை ஒரு பை நிறையக் கொண்டுபோய் அந்த வாட்ச்மேனுக்குக் கொடுப்பேன், அப்படித்தான் கேட் திறந்தது. என் தலைமுடியில் ஈஸ்ட் வாசனை போகவே போகாது, அதை வைத்துத்தான் அவன் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று கண்டுபிடிப்பான், "யக்கா, பன்னு வந்துருச்சு" என்பான், தண்ணீரிலிருந்து மூக்கை மட்டும் தூக்கி. மூங்கில் குச்சியில் டென்னிஸ் பந்தைக் கீறிச் செருகி நான் செய்ததுதான் அவனுடைய முதல் கம்பு. மாவட்டம், மாநிலம், தேசியம், ஆசியா என்று போனான், நானும் போனேன், இட்லிப்பொடியும் எண்ணெயும் கட்டிக்கொண்டு விமானத்தில் ஏறி, ஒரு பாராலிம்பிக்கூடப் பார்த்துவிட்டேன், தகுதிச் சுற்றில் கடைசிக்கு முந்தி வந்தான், அன்றைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு என் முழங்காலில் நெற்றியை வைத்து அழுதான், என் முழங்காலில். அதற்காகவே இன்னும் நான்கு தோல்வி வந்தாலும் பரவாயில்லை என்று அப்போது தோன்றியது. சீ, என்ன நினைப்பு.

அந்த முனையில் அவள் குனிகிறாள், கம்பு தாழ்கிறது, தட்டிவிட்டாள், தண்ணீர் வெள்ளையாக ஓர் ஆள் உயரம் எழும்புகிறது, உதைத்துத் திரும்பிவிட்டான், வருகிறான், என்னிடம் வருகிறான். அவள் தட்டுவதைப் பார்த்தால் தட்டுகிறாள் என்றே தெரியாது, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி. கல்லூரியில் நீந்தியவள், தசை எலும்பு எல்லாம் படித்தவள், பயிற்சி முகாமில் அவன் தோள்பட்டைக்கு வைத்தியம் பார்க்க வந்தவள். தோள்பட்டை சரியாகிவிட்டது, அவள் போகவில்லை. கல்யாணத்தில் நாத்தனார் முடிச்சு நான்தான் போட்டேன், மூன்றாவது முடிச்சு, விரல் நடுங்கியது, சுற்றி நின்றவர்கள் சந்தோஷத்தில் நடுங்குது பாரு என்றார்கள், அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். எனக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், தம்பியையும் கூட்டிட்டு வருவீங்களா என்று, நானும் ஒரே பதிலைத்தான் சொன்னேன், அந்தப் பதில் அப்போது எனக்குப் பாரமாகவே இல்லை, இப்போதுதான் கனக்கிறது. வந்துவிட்டான், கொடி, கோடு, கம்பு, தட்டு. மறுபடியும் அதே, தட்டுக்கு முன்னாலேயே தோள் இறங்கிவிட்டது, கொடிக்கு இந்தப் பக்கம் வந்ததும் கால் உதை மெத்தென்று ஆகிவிட்டது. களைப்போ. இரண்டாவது திருப்பத்திலேயே களைத்தால் எப்படி முடிப்பான். போகிறான். போன மாதம் பயிற்சி முடிந்து படியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றியபடி சொன்னான், "யக்கா, முன்னாடியெல்லாம் தட்டுவே. இப்ப அடிக்கிறே." நான் பதில் சொல்வதற்குள் அவள், "நாத்தனார் அடின்னா சும்மாவா? எனக்கு விழ வேண்டியதும் சேர்த்து உங்களுக்கே விழுது, வாங்கிக்குங்க" என்றாள், இரண்டு பேரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிக்க வேண்டியிருந்தது. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஷிப்டு முடிந்து நான் வரும்போது வெந்நீர் போட்டு வைத்திருக்கிறாள். வெந்நீரில் குளித்துக்கொண்டே அவளைத் திட்டுகிறேன், சூடு பதமாக இருக்கிறது, அதற்கும் சேர்த்துத் திட்டுகிறேன்.

முனையை மாற்றிய ராத்திரிச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டால் இன்னும் தொண்டையில் தோசை நிற்கிறது. "யக்கா, ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது." "கோவிச்சுக்கிற மாதிரி சொல்லாதே." "முடிக்கிற பக்கம் அபி நிக்கட்டுமாக்கா? அவ தட்டுனா எனக்கு நேரம் குறையுது. ஸ்டீபன் சாரும் பார்த்துட்டாரு." "நிக்கட்டுமே. எனக்கென்ன, எந்தப் பக்கம் நின்னாலும் கம்பு கம்புதான்." "நிசமா?" "தோசை ஆறுது, தின்னுடா." அவள் அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை, கல்லில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள், எட்டிப் பார்த்திருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். நேரம் குறைந்தது உண்மை. பொய்யாக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். எத்தனை விடியற்காலை அவன் தலைக்காக என் தூக்கத்தைக் கொடுத்தேனோ அந்தத் தலை அவள் கம்புக்கு நன்றாக வருகிறது, அவ்வளவுதான், மாவு யாரோ பிசைய, வேறு யாரோ கைபட்டால் பன் நன்றாக உப்பும், கம்பெனியில் அப்படியும் நடக்கும், யாரையும் கேட்க முடியாது. அங்கே தட்டிவிட்டாள், தண்ணீர் மறுபடி ஆள் உயரம் எழும்பியது, மாடத்தில் யாரோ மூச்சை இழுத்த சத்தம்கூட வந்தது. வருகிறான். மூன்றாவது. இந்தத் தடவை கண்ணைச் சிமிட்டாமல் பார்க்கிறேன், கொடிவரை மீன் மாதிரி வருகிறான், கொடிக்கு இந்தப் பக்கம் வந்ததும் கை நீளம் குறைகிறது, உதை அடங்குகிறது, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொள்கிறான், நான் தட்டுவதற்குள் பாதி சுருண்டுவிட்டான், என் பஞ்சு உருண்டை அவன் தலையில் விழவில்லை, முதுகில் விழுந்தது, என் பக்கத்தில் தண்ணீர் எழும்பவே இல்லை, முழங்கால் உயரம்கூட இல்லை. பலத்தை அந்த முனைக்கு மிச்சம் பிடிக்கிறான். என்னிடம் வரும்போது சிக்கனம், அவளிடம் போகும்போது தாராளம். வீட்டிலும் அப்படித்தான், என்னிடம் தலைவலி என்று மட்டும் சொல்கிறான், அவளிடம் எங்கே எப்படி வலிக்கிறது என்று அரைமணி நேரம் சொல்கிறான், சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு எனக்குக் கேட்கிறது.

போகிறான், பாதம் வெள்ளையாக அடிக்கிறது, பக்கத்துப் பாதைக்காரனைத் தாண்டிவிட்டான், பலகையில் ஓடுகிற எண் இங்கிருந்து சிவப்புப் புழுவாக நெளிகிறது, ஸ்டீபன் சார் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டிருக்கிறார், நேரத்துக்குள் வருகிறான் போலிருக்கிறது, வந்துவிடுவான், வந்துவிட்டால் அவர்கள் இரண்டு பேரும் விமானத்தில் ஏறுவார்கள், ஜன்னல் பக்கம் அவள், மேகம் எப்படி இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லுவாள், நான் போன தடவை பஞ்சு மாதிரிடா என்று மட்டும்தான் சொன்னேன், அவள் நன்றாகச் சொல்லுவாள். நான் வீட்டில். பெருக்கினால் குப்பைகூட வராத வீட்டில். அங்கே அவள் தட்டிவிட்டாள். வருகிறான், நான்காவது, என்னிடம் கடைசி. ஒரு தட்டு தாமதமானால் என்ன ஆகும். ஒன்றும் ஆகிவிடாது, சாகமாட்டான், நெற்றி இடிக்கும், நின்றுவிடுவான், தண்ணீரில் நின்று தடவிப் பார்ப்பான், பலகையில் புழு ஓடிக்கொண்டே இருக்கும், நேரம் போய்விடும், யாரும் எங்கேயும் போக வேண்டாம், மூன்று பேரும் மதுரைக்கே போவோம், நெற்றி வீங்கியிருக்கும், தேங்காய் எண்ணெய் தடவுவேன், களிம்பெல்லாம் வீக்கத்துக்கு ஆகாது என்பேன். அலையாகத்தான் நினைப்பார்கள். கை வழுக்கியது என்று சொல்லலாம், ஈரக் கம்பு வழுக்காதா. நான் இப்படி நினைக்கவில்லை, நினைப்பு வந்துபோகிறது, வந்துபோகிற நினைப்புக்கு நான் என்ன செய்ய, கொடி, கொடியைத் தாண்டிவிட்டான், கோடு, கோடு முடிகிறது, கம்பு மேலே நிற்கிறது, நீட்டு, தமயந்தி, நீட்டுடி, கம்பு மேலேயே நிற்கிறது, அவன் தலை கம்புக்குக் கீழே வந்து கம்பைத் தாண்டிப் போய்விட்டது.

இடிக்கவில்லை. இடது கை முன்னால் நீண்டிருந்தது, விரல்கள் விரிந்து, தெரியாத வீட்டில் இருட்டில் கதவைத் தேடுகிறவனின் கை. உதை முழுக்க நின்றுவிட்டது, மிதந்துகொண்டே வந்து விரல் நுனியால் சுவரைத் தொட்டான், தொட்டதும் முழங்காலை மடக்கித் திரும்பினான், போய்விட்டான். கம்பு அப்படியே மேலே. எண்ணிக்கொண்டு வந்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் கை வீச்சை எண்ணி, சுவர் எங்கே என்று தானே கணக்குப் போட்டு, கொடிக்கு இந்தப் பக்கம் வேகத்தைக் குறைத்து, என் தட்டுக்குக் காத்திராமல் தானே திரும்பியிருக்கிறான். அங்கே எண்ணவில்லை. அங்கே முழு வேகத்தில் போய்த் தலையைக் கொடுத்துவிடுகிறான், அதனால்தான் தண்ணீர் எழும்புகிறது. எப்போதிலிருந்து எண்ணுகிறான். நான் அடிக்கிறேன் என்று சொன்ன நாளிலிருந்தா, முனையை மாற்றிய ராத்திரியிலிருந்தா, அதற்கும் முன்னாலா. கம்புக்கு இந்தப் பக்கம் எனக்குள் என்ன இருக்கிறது என்று நான் இப்போதுதான் பார்த்தேன், அவன் மண்டையில் வாங்கி வாங்கி எப்போதோ பார்த்துவிட்டான். பார்த்துவிட்டும் என்னை வீட்டில் இரு என்று சொல்லவில்லை. நேரத்தைக் கொடுத்து என்னைக் கரையில் நிற்கவைத்திருக்கிறான், ஒவ்வொரு திருப்பத்துக்கும் இவ்வளவு என்று. போய்க்கொண்டிருக்கிறான், போடா, போடா, சத்தமில்லாமல் சொல்கிறேன், உதடு அசைந்ததை யாராவது பார்த்திருப்பார்களோ, போடா, இப்போது இந்த ஒரு நீளம் மட்டும் எனக்கு வேண்டும், நான் விழுங்கிய நேரத்தை எல்லாம் அந்த ஒரு நீளத்தில் அவன் எடுத்துவிட வேண்டும், அவள் குனிந்துவிட்டாள், கம்பு தாழ்கிறது, தட்டினாள், இவ்வளவு தூரத்துக்கும் கேட்கிற மாதிரி அவன் கை சுவரில் அறைந்தது.

சத்தம் முதலில் மாடத்திலிருந்து வந்தது, இனிமேல் எல்லோரும் கத்தலாம், எனக்குத்தான் வரவில்லை. ஸ்டீபன் சார் குதிக்கிறார், அப்படியானால் நேரத்துக்குள்தான். ஒரு அதிகாரி அவன் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அபிநயா அழுதுகொண்டே அவனைத் துண்டில் சுற்றினாள், அந்தத் துண்டு இப்போது எனக்கு ஒன்றும் செய்யவில்லை, அல்லது செய்யும், கொஞ்சம் கழித்து. அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு குளத்தைச் சுற்றி என்னிடம் வந்தான், மூச்சு இன்னும் அடங்கவில்லை. "யக்கா, இங்கதான நிக்கிறே?" "இங்கதான்டா." "கடைசி வாட்டி அலை ஜாஸ்திக்கா, உன் தட்டே தெரியலை." எனக்கு முன்னாலேயே எனக்கான பொய்யைத் தயாராக வைத்திருந்தான். அபிநயா என் முகத்தைப் பார்த்தாள், அவளுக்குக் கண் இருக்கிறது, பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். "மதினி, கம்பை இப்படிக் குடுங்க" என்று மட்டும் சொன்னாள். பின்னாலேயே ஓடிவந்த ஸ்டீபன் சார் யாருடைய முகத்தையும் பார்க்கிற நிலையில் இல்லை. "டேய், இந்தப் பக்கம் மட்டும் தவழ்ந்துக்கிட்டு வர்றே, ஏன்டா? இங்கயும் அந்தப் பக்கம் மாதிரி வந்தேன்னா பைனல்ஸ் போயிடலாம். அங்க டீம்லேர்ந்து ஒரு ஆளைப் போடுவாங்க, நல்ல ஆளா கேட்டு வாங்குறேன்." முத்துவேல் துண்டின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான், விரல் முட்டியில் ரத்தம் கசிந்திருந்தது. நான் சொன்னேன், "தம்பி, அங்க கூட வர்றதுக்கு அபியவே..." "சரிக்கா" என்றான். நான் முடிக்கவில்லை. கூட்டிட்டுப் போ என்பது இன்னும் என் வாயில்தான் இருந்தது. சொன்னபிறகு, தான் அவசரப்பட்டுவிட்டது அவனுக்கே தெரிந்துவிட்டது, காதெல்லாம் சிவந்துவிட்டது, கையை நீட்டி என் தோளைத் தேடினான், காற்றில் ஒரு முறை தவறி அப்புறம் பிடித்தான், ஈரம் என் சட்டைக்குள் இறங்கியது. "பன்னு வாசனையே வரலையேக்கா" என்றான். "ஒரு வாரம் லீவுல்லடா" என்றேன். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அவனை நடத்திக்கொண்டு போனோம். எனக்கு அவள்மேல் ஒன்றுமே இல்லை, ஆச்சரியமாக இருந்தது, தேடிப் பார்த்தேன், இல்லை. யாரோ ஒருத்தர், இன்னும் பெயர்கூடத் தெரியாது, டீமில் சம்பளத்துக்கு வந்திருக்கிற யாரோ, மதுரையைப் பார்த்திராதவர், அங்கே போய் எதிர்முனையில் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார், என் தம்பி கொடியைத் தாண்டியும் வேகத்தைக் குறைக்காமல், ஒரு கைகூட எண்ணாமல், முழு வேகத்தில் வந்து அவரிடம் தலையைக் கொடுப்பான், தண்ணீர் ஆள் உயரம் எழும்பும், அந்த ஆளுக்கு அது என்னவென்றுகூடத் தெரியாது, முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பார். அவரை எனக்கு இப்போதே பிடிக்கவில்லை.